இலையைத் திருப்பிப் பாருங்கள்

(யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாயத்தைப் பார்த்துவரச் சென்ற எமது தோட்டக் குடும்பங்களிடையே, கோப்பாயில் ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம்மை வாசலில் வைத்து வரவேற்று, பனங்கட்டியும் தேநீரும் தந்து, முற்றத்தில் பாய் விரித்து உட்கார வைத்த இந்த வீட்டு ஐயாவுக்கும் அம்மாவுக்கும் முதலில் நம் எல்லோர் சார்பிலும் நன்றி. இங்கே தோட்டம் என்றால் வெங்காயப் பாத்தி, மிளகாய்க் கன்று, முந்திரிகைப் பந்தல். நமக்குத் தோட்டம் என்றால் மலை முழுக்கத் தேயிலை. சொல் ஒன்றுதான், பொருள் வேறு. ஆனால் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேசப் போகிறேன்.

காலையில் முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே நின்றபோது ஓர் அக்கா ஓர் இலையைக் காட்டி, "ஐயா, நம்ம கொழுந்துல வர்ற வெள்ளை நோவுதானே இது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர், "எல்லாம் ஒண்ணுதான் அக்கா, ஒரே மருந்தை அடிச்சா போச்சு" என்று பதில் சொன்னார். அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அந்தப் பதில்தான் ஆபத்தான பதில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, பயந்தவன் கண்ணுக்கு வெள்ளையாய் இருப்பதெல்லாம் ஒரே நோயாகத் தெரியும். மருந்துக் கடைக்குக் காசு போகும், மருந்து அடித்தவரின் உடம்புக்குக் கெடுதி வரும், செடி மட்டும் பிழைக்காது.

இலையிலும் குச்சியிலும் வளருகிற இந்தச் சின்னஞ்சிறு உயிர்களை நாம் பூஞ்சணம் என்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பங்கசு என்று இருக்கும். நனைந்த பாணில் இரண்டு நாளில் வருகிறதே, அதுவும் இந்தச் சாதிதான். பங்கசுக்குப் பச்சை நிறம் இல்லை. ஆகவே இலையைப் போல வெயிலைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ள முடியாது. செத்ததையோ உயிரோடு இருப்பதையோ அண்டித்தான் பிழைக்க வேண்டும். அதற்கு விதை கிடையாது. விதைக்குப் பதிலாக வித்தி என்ற தூள் உண்டு. ஒரு வித்தி நம் தலைமயிரின் தடிப்பில் பாதிகூட இராது. ஒரு சின்னப் புள்ளியிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்பும். காற்றில் பறக்கும், மழைத்துளியில் தெறிக்கும், நம் கையிலும் உடுப்பிலும் ஒட்டும்.

இவ்வளவு சின்னது என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். நாம் இன்று தேயிலைத் தோட்டத்து ஆட்களாக இருப்பதற்கே ஒரு பங்கசுதான் காரணம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

நம் பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலைக்கு வந்த காலத்தில், மலையில் இருந்தது கோப்பி. 1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வருடத்துக்கு 10 கோடி இறாத்தலுக்கு மேல் கோப்பி கப்பலேறியது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. மேற்பக்கத்தில் வெறும் மஞ்சள் புள்ளிதான். அந்த இலையைப் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் என்பவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் பூஞ்சண ஆராய்ச்சியில் பேர்பெற்றவர். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, அதற்குக் காரணம் இலையில் வளருகிற பூஞ்சணம்தான் என்று 1846இலேயே எழுதியவர் அவர். கோப்பி இலையில் இருந்தது அதுவரை யாரும் அறியாத பங்கசு என்று கண்டு, அதே 1869இல் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வித்தியின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, செய்வதோ பேரழிவு. இதுதான் அந்தப் பெயரின் பொருள். நம் வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பெயரைத் திரித்து, 'நாசக்கார எமிலி' என்ற கருத்தில் பகிடியாகக் கூப்பிட்டார்களாம்.

பகிடி நிலைக்கவில்லை. மண் சரியில்லை, மழை சரியில்லை, பசளை போதாது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டே வருடங்கள் போயின. 1880இல்தான் மார்ஷல் வோர்ட் என்ற இளைஞரை அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. வயது இருபத்தைந்து இருபத்தாறுதான். அவர் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டும் பொருளைத் தடவித் தோட்டத்தில் வைத்து, காற்றில் வருகிற வித்தியைப் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் வித்தி முளைக்கிறது, இலை மூச்சுவிடுகிற நுண்துளை வழியாக உள்ளே போகிறது என்று விளக்கினார். மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதால்தான் நோய் இப்படிப் பரவியது என்றும் எச்சரித்தார். ஆனால் முதல் இலை கண்ணில் பட்டு அதற்குள் 11 வருடம் ஓடிவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1890 அளவில் கோப்பி ஏற்றுமதி முன்னைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. எத்தனையோ குடும்பங்கள் வேலையில்லாமல் திரும்பிப் போயின.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை போட்டிருந்தார். கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால்தான் வந்து போய்க்கொண்டிருந்த நம் சனம் லயம் கட்டித் தங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூள் ஒரு நாட்டின் தொழிலையும் ஒரு சமூகத்தின் வாழ்க்கையையும் புரட்டிப் போட்டது. அந்தத் தூள் இருந்த இடம் இலையின் அடிப்பக்கம்.

அதனால்தான் முதலில் ஒரு வேலை சொல்கிறேன்: இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

இப்போது காலையில் பார்த்த முந்திரிகை இலைக்கு வருவோம். முந்திரிகையில் இரண்டு விதமான வெள்ளை வரும். ஒன்று, இலையின் மேற்பக்கத்தில் எண்ணெய் சிந்தியது போல் மஞ்சள் திட்டு; திருப்பினால் அதே இடத்தில் அடியில் பஞ்சு போல வெள்ளை. மழையும் பனியும் உள்ள நாளில் வரும். மற்றது, இலையின் மேற்பக்கத்திலேயே மா தூவியது போல வெள்ளைத் தூள். விரலால் துடைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். இது மழை குறைந்த நாளிலும் வரும். முதலாவதைச் செப்பு மருந்து தடுக்கும். இரண்டாவதற்குக் கந்தகம் வேண்டும். இத்தனைக்கும் முதலாவதை உண்மையான பங்கசு இல்லை என்று இப்போது விஞ்ஞானிகள் வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்; அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்ததும் அந்தக் குடும்பம்தான். பார்வைக்கு இரண்டும் வெள்ளை. மருந்து மாறினால் பலன் இல்லை.

இரண்டாவது வேலை: விரலால் துடைத்துப் பாருங்கள். போஞ்சி இலையின் அடியில் கபில நிறப் புள்ளி இருந்து, விரலில் கபிலத் தூள் ஒட்டினால் அது துரு நோய். ஒட்டாவிட்டால் வேறு ஏதோ. கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா இலைகளில் கரி பூசியது போலக் கறுப்பு வரும், பார்த்திருப்பீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் கறுப்பு போய், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அந்தக் கரும்பூஞ்சணம் இலைக்குள்ளே போகவில்லை. பூச்சி விடுகிற இனிப்பு நீரில் மேலாக வளருகிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் தென்னையில் வெள்ளை ஈ பிடித்தால், கீழே நிற்கிற வாழையும் கொய்யாவும் கறுத்துப் போகின்றன. கறுப்பு கீழே, குற்றவாளி மேலே. அங்கே பங்கசு மருந்து அடித்து என்ன பயன்? பூச்சியைக் கவனித்தால் கறுப்புத் தானாகப் போகும். எறும்பு வரிசையாக ஏறுகிற செடியில் இப்படிப் பூச்சி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மூன்றாவது: எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள். இளசா, முற்றலா? நுனியா, அடியா? நிழலிலா, வெயிலிலா? நம்முடைய தேயிலையை எடுங்கள். கொப்புள நோய் கொழுந்தையும் இளம் இலையையும் மென்மையான தண்டையும்தான் பிடிக்கும். முற்றிய இலையில் செம்மஞ்சள் நிறத்தில் வெல்வெட் போல வட்டத் திட்டுகள் கண்டால் அது கொப்புளமும் இல்லை, பங்கசும் இல்லை. அது அல்கா, பாசி இனம். பேர் மட்டும் சிவப்புத் துரு. இங்கே மா இலையிலும் கொய்யா இலையிலும் அதன் உறவுக்காரரைப் பார்க்கலாம். தேயிலையில் அது பெருகினால் அந்தச் செடி சோர்ந்து போயிருக்கிறது, பசளையையும் மண்ணையும் கவனி என்று அர்த்தம்.

பழைய தேயிலைத் தண்டில் சாம்பலும் பச்சையுமாக ஒட்டியிருக்குமே, அது இலைக்கன். பங்கசும் அல்காவும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம். தண்டை அது தின்பதில்லை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் உள்வாதுகளில் குதிரைவால் மயிர் போலக் கறுப்பு நூல் தொங்கி, உதிர்ந்த இலைகள் அதில் சிக்கிக் கிடந்தால் அதைக் கவனியுங்கள். அது பங்கசு. மழைக்குப் பிறகு அந்த நூலில் ஊசித்தலை அளவில் சின்னக் குடைக் காளான் விரியும். கையால் சுற்றி இழுத்து எடுத்து, மலைக்கு வெளியே கொண்டு போட வேண்டும்.

நான்காவது: பூதக்கண்ணாடியால் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டுகிற சின்னக் கண்ணாடி போதும். அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, இலையை அதனருகே கொண்டுவர வேண்டும். இப்போது பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அதன் கமராவுக்கு முன்னால் இதே கண்ணாடியை வைத்துப் படம் எடுத்தால் எல்லோருக்கும் காட்டலாம். இந்த ஐயாவின் வெங்காயப் பாத்தியில் சில இலைகள் முறுகிக் கிடந்தன அல்லவா? வெங்காய இலையில் வெள்ளிக் கோடு கோடாக இருந்து, குருத்துக்குள் நீளமான சிறு பூச்சி ஓடினால் அது பேன்பூச்சி. இலை முறுகி, வெளிறிய குழிப் புள்ளிக்குள் கறுப்புக் குத்துகள் வட்டமாக இருந்தால், ஈர நாளில் அதில் இளஞ்சிவப்புக் கசிவு தெரிந்தால், அது பங்கசு. முன்னதுக்குப் பூச்சி மருந்து. பின்னதுக்குப் பூச்சி மருந்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் நிற்காது. அது மழைத்துளி தெறித்துப் பரவும், நோய்ப்பட்ட பாத்தியில் எடுத்த விதை வெங்காயத்தோடும் போகும்.

ஐந்தாவது: ஓர் இரவு ஈரத்தில் வைத்துப் பாருங்கள். பழைய சோற்றுப் பெட்டி ஒன்றில் நனைத்த கடதாசியை விரித்து, சந்தேகமான இலையை வைத்து மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பங்கசு இருந்தால் நூலோ தூளோ வெளியே வரும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்வதும் அடிப்படையில் இதுதான். ஆனால் அந்தப் பெட்டியில் மறுபடி சோறு வைக்காதீர்கள், மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தும் பார்க்காதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இனி நம் கொழுந்துக்கு வருகிறேன். தேயிலைக் கொப்புள நோய் 1868இல் அசாமில் முதலில் கவனிக்கப்பட்டது. வெகுகாலம் வடக்கிலேயே இருந்தது. 1946இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. மூத்தவர்கள் சிலர் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோப்பிக்கு நடந்தது தேயிலைக்கும் நடந்துவிடுமோ என்று அப்போது எல்லோரும் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. இந்தத் தடவை நோயை உடனே இனங்கண்டார்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செப்பு மருந்தும் கையில் இருந்தது.

அந்தச் செப்பு மருந்துக்கும் முந்திரிகைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரான்ஸ் தேசத்தில் போர்தோ என்ற இடத்தில், வீதியோர முந்திரிகையை வழிப்போக்கர் களவாடாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தார்கள். அப்படித் தெளித்த கொடிகளில் வெள்ளை நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885இல் உலகத்துக்குச் சொன்னார். போர்டோ கலவை பிறந்தது அப்படித்தான். கவனித்துப் பார்த்ததால் கிடைத்த மருந்து அது. நம் மலையில் கோப்பி அதற்குள் படுத்துவிட்டது. தேயிலைக்கு அது பயன்பட்டது.

கொப்புள நோயை இனங்காண்பது எப்படி? முதலில் இளம் இலையில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊடுருவித் தெரிகிற சின்ன வெளிர்ப் புள்ளி. எண்ணெய்ப் பொட்டு மாதிரி. பிறகு அது வட்டமாகப் பெரிதாகி, மேற்பக்கம் குழியும், அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். அந்தக் கொப்புளம் வெள்ளை வெல்வெட்டாக மாறினால் வித்தி கிளம்பிவிட்டது. கடைசியில் கபில நிறமாகிக் காய்ந்துவிடும். காலநிலையைப் பொறுத்து 11 முதல் 28 நாட்களுக்குள் ஒரு சுற்று முடியும். மூடுபனியும் தூறலும் வெயில் இல்லாத நாட்களும் அதற்குக் கொண்டாட்டம். நல்ல வெயில் பட்டால் வித்தி செத்துப் போகும். அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்னே நிழல் மரக் கிளைகளைக் கழிக்கிறார்கள். கவ்வாத்து வெட்டித் துளிர்க்கிற மலையில் எல்லாமே இளம் இலை என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

செப்பு மருந்து வித்தி முளைக்காமல் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்ட நோயை அது எடுக்காது. அதனால் எண்ணெய்ப் பொட்டுத் தெரிகிற நாளுக்கும் வெள்ளை வெல்வெட் தெரிகிற நாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த எண்ணெய்ப் பொட்டை முதலில் காணக்கூடியவர் யார்? வெளிக்கள உத்தியோகத்தர் மலையைச் சுற்றி வருவார்தான். ஆனால் ஒவ்வொரு செடியின் ஒவ்வொரு கொழுந்தும் யாருடைய விரலில் படுகிறது? கொழுந்து எடுக்கிற நம் அம்மாமார், அக்காமார் விரலில்தான். இந்த நாட்டில் தேயிலை இலையை உங்களைவிடக் கிட்டத்தில் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. "நமக்கு என்ன தெரியும்" என்று பேசாமல் இருக்காதீர்கள். பொட்டு விழுந்த இலையைக் கண்டால் அன்றைக்கே கங்காணியிடம் காட்டுங்கள், எந்த மலை, எத்தனையாவது நிரை என்று சொல்லுங்கள். கொழுந்து கெட்டால் நிறை குறையும், நிறை குறைந்தால் யார் வீட்டு அடுப்பில் அது தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுத் தோட்டத்தில் செடிக்கு ஏதாவது வந்தால், கடைக்காரரிடம் "ஏதாவது மருந்து தாங்க" என்று கேட்காதீர்கள். நோயுள்ள இலையையும் நல்ல இலையையும் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். எப்போது கண்டது, எந்த இலையில் தொடங்கியது, துடைத்தால் போகிறதா, அடியில் என்ன இருக்கிறது என்ற நான்கையும் நீங்கள் சொன்னால், அவர் சரியான பதில் சொல்ல வசதியாக இருக்கும். பிள்ளைகளே, ஒரு கொப்பியில் இலையின் படத்தை வரைந்து, திகதியும் இடமும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அது உதவும்.

முடிக்க முன்னர் ஒன்று. நாளைக்கு ஊர் திரும்பும்போது முந்திரிகைத் தடியும் விதை வெங்காயமும் கொண்டுபோக ஆசைப்படுகிறீர்கள் என்று தெரியும். புள்ளி விழுந்த எதையும் கொண்டுபோகாதீர்கள். இலைகளை இங்கேயே கழித்துவிடுங்கள். வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதை மட்டும் எடுங்கள். இன்று தோட்டத்தில் நடந்த செருப்பையும் கைகளையும் கழுவிவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். உறவு பலகாரத்தோடு வரட்டும். நோயோடு வர வேண்டாம்.